ஏழாவது கையெழுத்து

மூன்று சாமியார்கள் போதாது என்றார் பதிவாளர் ஆபீஸ் கிளார்க்.
சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும்,
அது பூ கட்டுகிறவர்கள் சங்கமானாலும்
ஐந்து காயக் குருக்கள் சங்கமானாலும்.

ஆயருக்குக் கடிதம் போய்ப் பதினோரு நாள்.
தமிழில் பூசை வைக்க மாட்டோம்,
சனங்களுக்கு முகம் காட்டிப் பீடத்தில் நிற்க மாட்டோம்
என்று எழுதிக் கொடுத்துவிட்டு
ஆளுக்கொரு ரெக்சின் பையோடு வந்து
காசிமேட்டில் மூடிக்கிடந்த ஐஸ் பேக்டரியை
வாடகைக்குப் பிடித்திருந்தார்கள்.
பாதர் இன்னாசிமுத்து, வயது எழுபத்தாறு.
பாதர் தெயோபில், முட்டி தேய்ந்தவர்.
பாதர் கிளமென்ட் ராயன், முப்பத்திரண்டுதான்,
பழைய பூசைப் புத்தகத்தைத் தனியாகத் தின்றே
லத்தீன் கற்றவர்.

நாலாவது கையெழுத்து பேக்டரி ஓனர் தனகோட்டி:
"மூணு மாசம் அட்வான்ஸ் குட்த்தவங்க, மாட்டேன்னா சொல்றது?"
ஐந்து, இறால் உரிக்கிற பெர்பெத்துவம்மாள்.
ஆறு அவள் மருமகன்; மாமியார் காட்டிய இடத்தில் போட்டான்.
ஏழு நான்.

நான் மைக்செட்காரன்.
ரெண்டு ஹார்ன், நாலு பாக்ஸ், ஒரு காலர் மைக்
என்று ரேட் சொல்லத்தான் போனேன்.
பாதர் கிளமென்ட் கேட்டார்: "யாருக்குக் கேக்கணும்?"
முழித்தேன்.
"பேசறது அவர்கிட்ட. அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு."
வியாபாரம் இல்லை என்று எழுந்தவனிடம்
பேனாவை நீட்டினார்கள்.
ஏன் வாங்கினேன் என்று இன்னும் தெரியவில்லை.
அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை.
பழைய கோயில் பங்குப் பேரவையில் அவன் பொருளாளர்.

முதல் ஞாயிறு.
அம்மோனியா வாடைக்கு மூன்று தடவை சாம்பிராணி.
ஐஸ் பாளம் உடைத்த மேடைதான் பீடம்.
இருபத்திரண்டு பேர், ஒரு கைக்குழந்தை,
எங்களுக்கு முன்னால் மூன்று முதுகு.
"போட்ல ஸ்ராங்கு நம்ம மூஞ்சியப் பாத்தா ஓட்டுவான்?
கடலப் பாத்துதான்" என்று
முக்காட்டுக்குள்ளிருந்து பெர்பெத்துவம்மாள் விளக்கினாள்.

எனக்குப் புரிந்தது ஆமென் மட்டும்.
கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.
உதடு மட்டும் அசைகிற இடம் வந்தது.
எண்ணூர் ரோட்டு கன்டெய்னர் லாரிகள்கூட
எங்கோ சிக்னலில் மாட்டியிருக்க வேண்டும்.
அத்தனை சத்தமில்லாமையை
எந்த ஆம்ப்ளிஃபயரிலும் நான் வைத்ததில்லை.

அப்போதுதான் வந்தது,
ப்ளோவர் பிடுங்கிய ஓட்டை வழியாக,
பழைய கோயில் கோபுரத்திலிருந்து,
தமிழில், பெண்கள் குரலில், காணிக்கைப் பாட்டு.
என் ஹார்ன்.
இந்தப் பக்கமாகத் திருப்பி நானே முடுக்கிய போல்ட்டு.

இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் பாதர் இன்னாசிமுத்துவைப் பார்த்தேன்.
நடுவில் நின்றார், கையில் அப்பம்.
அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் அவர்தான்,
எண்பத்திமூன்றில், கல்மண்டபத்தில்,
இரண்டு கட்டை பேசாத ஒரு ஆர்மோனியத்தில்.
இங்கே யாருக்கும் தெரியாது.
அன்றைக்கு மைக் கட்டியது என் அப்பா.

முதுகு அசையவில்லை.
அங்கிக்குக் கீழே வலது குதிகால் மட்டும்
இரண்டு முறை தரையைத் தொட்டது, தாளம் தப்பாமல்.
மூன்றாவதுக்கு எழும்பி
அப்படியே நின்றது.

பிறகு மணி. எல்லோரும் முழங்காலில்.

சாயங்காலம் போய்க் கேட்டேன்:
ஹார்னைக் கொஞ்சம் திருப்பி வைக்கட்டுமா பாதர்?
அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.
எந்தப் பக்கம் என்றார்.
கடல் பக்கம் என்றேன்.
மடித்ததைப் பிரித்தார், மறுபடி மடித்தார்.
அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஸ்பானரோடு கோபுரம் ஏறினேன்.
உப்புக்காற்றில் போல்ட்டு துருவேறி இறுகிக் கிடந்தது.
குனிந்து பார்த்தேன்,
கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணன்.
எப்போது வந்தான், தெரியாது.
எதற்கு ஏறினாய் என்று அவன் கேட்கவில்லை.
ஸ்பானரை இன்னொரு சைஸ் எடுத்துக் கொடு என்றேன்.